46 வயதில் சால்சா: முழங்கால் தாங்குமா, வீடு ஏற்குமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

கிருஷ்ணகிரியில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாகப் பணியாற்றும் 46 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

சிறுவயதில் ஆறு ஆண்டுகள் பரதநாட்டியம் கற்றவர். பெரிய பெண்ணானதும் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். மகள் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறார். அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, அவர் சேர்ந்திருக்கும் சால்சா என்ற ஜோடி நடன வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து தானும் கற்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. சில வாரங்களாக, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, கூடத்து மொசைக் தரையில் வெறுங்காலுடன் நின்று கைப்பேசியில் காணொளி பார்த்துப் பழகுகிறார். "வீடியோவில் வருபவர் இடது காலை முன்னால் வைத்துத் தொடங்குகிறார், நானும் அப்படியே செய்கிறேன். ஆனால் இடுப்பு மட்டும் அவர்களைப் போல் அசைய மாட்டேன் என்கிறது, வேண்டுமென்றே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். இப்போது இடது முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது. பள்ளியில் மாடிப்படி ஏறும்போது வலி கூடுகிறது. வீக்கம் இல்லை, மடக்கும்போது சொடுக்குவது போன்ற சத்தம் மட்டும் உண்டு. அந்த முழங்காலில் ஆரம்ப நிலைத் தேய்மானம் இருப்பதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின், கிளிமிபிரைடு ஆகிய மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறார்.

மகள் போகும் வகுப்பு ஞாயிறு மாலையில் நடக்கிறது. ஜோடி இல்லாமல் போனால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று வாசகி நினைக்கிறார். கணவர், "ஆசைப்பட்டா போ, ஆனா கண்டவன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆடணுமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாராம். மாமியாரிடம் முழங்காலுக்கான உடற்பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிடலாமா, மாணவர்கள் கண்ணில் வீடியோ பட்டால் என்ன ஆகும், உள்ளூரிலேயே இருக்கும் ஜூம்பா உடற்பயிற்சி வகுப்பு போதாதா, இந்த வயதில் இது தேவையா என்று கேள்விகளை அடுக்கியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சால்சா கற்கலாம். உங்கள் வயதோ, நீங்கள் விவரித்துள்ள அளவிலான தேய்மானமோ, கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரையோ அதற்குத் தடையல்ல. ஆனால், நள்ளிரவில் மொசைக் தரையில் வெறுங்காலுடன் பழகுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தருமபுரியில் இயன்முறை மருத்துவராக இருந்துகொண்டே, பெங்களூருக்குப் போய் இதே நடனத்தைக் கற்று இன்றும் ஆடி வருபவள் என்ற முறையில், இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முழங்கால் வலி எங்கிருந்து வந்தது

ஒரு கடிதத்தை மட்டும் படித்துவிட்டு முழங்காலில் இன்ன கோளாறு என்று சொல்வது முறையல்ல. எனினும், நீங்கள் பழகும் விதத்தை எழுதியிருக்கும் விதமே பாதி விடையைத் தந்துவிடுகிறது. வியர்த்த வெறுங்கால் மொசைக் தரையில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பாதம் அசையாமல் இருக்க, மேலே இடுப்பை மட்டும் வலிந்து திருப்பும்போது, அந்தத் திருகல் முழுவதும் நடுவில் இருக்கும் முழங்காலில் வந்து இறங்குகிறது. முழங்கால் முதன்மையாக மடக்கி நீட்டுவதற்கென்றே அமைந்த மூட்டு. பக்கவாட்டில் சுழலும் வசதி அதற்கு மிகக் குறைவு. மூட்டின் உட்பக்கம் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் தகடு இப்படிப்பட்ட திருகலில்தான் எளிதில் நோகும். ஆகவே வலிக்கு வயதைக் காரணம் காட்டுவதற்கு முன், இந்தப் பழகுமுறையை மாற்றிப் பார்ப்பதே நியாயம்.

எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து, அசைத்தால் மேலும் தேயும் என்று அஞ்சி, தரையில் உட்காருவதையும் படி ஏறுவதையும் ஒவ்வொன்றாக விட்டுவிடும் பெண்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். உண்மை நிலை இதற்கு நேர்மாறானது. ஆரம்ப நிலைத் தேய்மானத்துக்கு உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சையே முறையான உடற்பயிற்சிதான். தொடைத் தசைகள் வலுவாக இருந்தால் மூட்டின் சுமை குறைகிறது. 2021-இல் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீடு தேடிக் கொண்டுபோகிறார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். வலி இல்லாத சொடுக்குச் சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஆனால், முழங்கால் வீங்கினாலோ, மடக்கிய நிலையிலேயே சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கும்போது திடீரென்று வழுக்கி விட்டுவிடுவது போல் தோன்றினாலோ, எந்த வகுப்புக்கும் போவதற்கு முன் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லாத வரை, நான் நோயாளிகளுக்குச் சொல்லும் அளவுகோல் இதுதான்: வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், பழகும்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம், அதற்கு மேல் போனால் அடுத்த முறை நேரத்தையும் வேகத்தையும் குறைக்க வேண்டும்.

வகுப்பில் சேரும் முன் இரண்டு மூன்று வாரங்கள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து மெல்ல உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குவது, அதே மேடையருகே ஒற்றைக் காலில் நிற்பது ஆகிய மூன்றையும் செய்யுங்கள். சோறு வேகும் நேரம் போதும்.

இடுப்பை அசைக்க முயலாதீர்கள்

உங்கள் கடிதத்தில் நான் மிகவும் திருத்த விரும்பும் எண்ணம் இதுதான். சால்சாவில் தெரியும் இடுப்பசைவு இடுப்பில் தொடங்குவதில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடல் எடை முழுவதுமாக மாறும்போது, முழங்கால் மடங்கி நீள்வதன் விளைவாகத்தான் இடுப்பு அசைகிறது. காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் நகலெடுக்கப் போனால், பார்ப்பதற்கும் நன்றாக இராது, மூட்டுக்கும் கேடு.

செய்து பார்த்தால் உடனே புரியும். சமையல் மேடையை லேசாகத் தொட்டுக்கொண்டு, பாதங்களை ஒன்றுக்கொன்று இணையாக, சிறிது இடைவெளி விட்டு வையுங்கள். எடை முழுவதும் இடது காலில் இருக்கட்டும். வலது முழங்காலைச் சற்றே மடக்கி, வலது பாதத்தின் முன்பகுதியை மட்டும் தரையில் வையுங்கள். இன்னும் எடை ஏற்ற வேண்டாம். இந்த நிலையில் வலது காலை உங்களால் எந்த நேரமும் தூக்கிவிட முடியும். இப்போது குதிகாலை மெல்ல இறக்கி, எடையை அந்தக் காலுக்கு மாற்றிக்கொண்டே முழங்காலை நீட்டுங்கள். அதை விறைப்பாக இறுக்கிப் பூட்ட வேண்டாம். நீங்கள் ஒன்றும் செய்யாமலே வலது இடுப்பு வெளிப்பக்கம் நகர்ந்து மேலேறியிருக்கும்; இடது முழங்கால் தானாகத் தளர்ந்து மடங்கியிருக்கும். இரு பக்கமும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். தோள்கள் அமைதியாக இருக்கட்டும். காலை வைப்பதும் அதில் எடையை ஏற்றுவதும் இரண்டு தனிச் செயல்கள் என்பது உடம்புக்குப் புரிந்துவிட்டால், சால்சாவின் பெரும் பகுதி புரிந்துவிட்டது என்றே சொல்வேன். பல மாதம் வகுப்புக்குப் போயும் இது பிடிபடாமல், திருப்பங்களை மட்டும் சேகரித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பாட்டுக்குள் அவர்கள் தடுமாறத் தொடங்கிவிடுவார்கள்.

எட்டு எண்ணிக்கை உங்களுக்கு முன்பே தெரியும்

பரதம் கற்றது பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பயன்படும். சால்சாவின் அடிப்படை அடி எட்டு எண்ணிக்கையில் அமைந்தது. 1, 2, 3 ஆகியவற்றில் கால் மாற்றுகிறோம், 4-இல் நிற்கிறோம், 5, 6, 7-இல் மீண்டும் மூன்று அடிகள், 8-இல் நிற்கிறோம். தொடையில் ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். முதல் தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல் ஆகியவை முதல் மூன்று அடிகள், நடுவிரலில் காத்திருப்பு. அடுத்த தட்டு, வீச்சு, மீண்டும் தட்டு ஆகியவை 5, 6, 7. கடைசி வீச்சில் மறுபடியும் காத்திருப்பு. வகுப்பில் பலர் வாரக்கணக்கில் தேடும் "ஒன்று எங்கே" என்ற கேள்விக்கு உங்கள் கையில் ஏற்கெனவே விடை இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. 4-இலும் 8-இலும் நாம் காத்திருக்கும்போது, காங்கா மேளத்தில் திறந்த கையால் அடிக்கும் இரட்டை அடி விழும். காதில் தெளிவாக விழுவது அதுதான் என்பதால், புதிதாக வருபவர்கள் அந்த இடத்தில் காலையும் வைத்துவிடுவார்கள். அந்த இரட்டை அடியை எடை முழுவதும் இறங்கி முடிவதற்கான நேரமாகக் கொள்ளுங்கள். பாட்டின் பிற்பகுதியில், பாடகரும் பின்பாட்டுக்காரர்களும் மாறி மாறிப் பாடும் இடத்தில் கணகணவென்று ஒலிக்கும் மணி பெரும்பாலும் 1, 3, 5, 7 ஆகியவற்றை அழுத்திக் காட்டும். வழி தவறினால் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். சால்சாப் பாடல்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150-இலிருந்து 250 தட்டுகள் வரை போகும். 180 தட்டுள்ள பாட்டுக்கு ஆடினால் ஒரு நிமிடத்தில் 135 அடிகள் வைத்திருப்பீர்கள். ஆகவே தொடக்கத்தில் 150-ஐ ஒட்டிய மெதுவான பாடல்களையே தேர்ந்தெடுங்கள். அடி சிறியதாக இருந்தால்தான் வேகம் கைகூடும்.

இடது காலை முன்வைத்துத் தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு அல்ல. ஆனால் அது வழிநடத்துபவரின் அடி. வகுப்புகளில் லீட் (வழிநடத்துபவர்), ஃபாலோ (பின்தொடர்பவர்) என்று இரண்டு பங்குகள் உண்டு. வழக்கமாகப் பெண்கள் முதலில் கற்கும் ஃபாலோ பங்கில், 1-இல் வலது கால் பின்னால் போகும். 2-இல் இருந்த இடத்திலேயே இடது காலில் எடை. 3-இல் வலது கால் நடுவுக்குத் திரும்பும். 5-இல் இடது கால் முன்னால். 6-இல் வலது காலில் எடை. 7-இல் இடது கால் நடுவுக்கு. பின்னால் வைக்கும் அடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் தரையில் படட்டும். நீளமாகப் பின்வாங்கினால் இடுப்பும் முழங்காலும் இழுபடும்.

பரதத்திலிருந்து சிலவற்றை ஒதுக்கி வைக்கவும் வேண்டும். அரைமண்டி என்ற பாதி அமர்ந்த நிலையில் வெளிநோக்கித் திரும்பிய பாதங்கள் இங்கே ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். தட்டடவில் பழகிய ஓங்கிய மிதி இங்கே கூடாது. அது உங்கள் முழங்காலுக்கும் இப்போது ஆகாது. இவற்றைவிடக் கடினமானது இன்னொன்று. ஜதியை முன்கூட்டியே மனப்பாடம் செய்து ஆடியவர் நீங்கள். சால்சாவில் அடுத்து என்ன வரும் என்பது எழுதி வைக்கப்பட்டதல்ல; எதிரில் இருப்பவரின் கையில் வரும் மெல்லிய அழுத்தத்திலிருந்து அந்தக் கணத்தில் தெரிந்துகொள்வது. முன்பே நடனம் தெரிந்தவர்களுக்கு ஊகித்து முந்திக்கொள்ளும் பழக்கம் அதிகம். ஊகம் தவறினால், உடல் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போய், மறுபடியும் திருகல் முழங்காலுக்குத்தான். காத்திருக்கப் பழகுங்கள்.

செருப்பு, மெட்டி, தாலிச் சங்கிலி

சர்க்கரை நோய் இருப்பதால் வெறுங்கால் ஆட்டம் வேண்டவே வேண்டாம். ஓட்டத்துக்கான ஸ்போர்ட்ஸ் ஷூவும் ஏற்றதல்ல. அதன் ரப்பர் அடிப்பகுதி தரையைக் கவ்விக்கொள்வதால், திரும்பும்போது முழங்கால் அதே தண்டனையை அனுபவிக்கும். வழவழப்பான தோல் அடி கொண்ட, குதிகால் உயரமில்லாத, பட்டையால் இறுக்கிக் கட்டும் காலணி தொடக்கத்துக்குப் போதும். ஆர்வம் நிலைத்த பிறகு ஸ்வேட் தோல் அடி வைத்த நடனக் காலணி வாங்கலாம். மூடிய காலணிக்குள் மெட்டி அழுந்திப் புண்ணாகும். சர்க்கரை உள்ள காலில் அந்தப் புண் எளிதில் ஆறாது, எனவே வகுப்பு நேரத்தில் கழற்றி வைத்துவிடுங்கள். நீண்ட தாலிச் சங்கிலியை உடைக்குள் செருகி ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். சுற்றும்போது இன்னொருவர் விரலில் மாட்டிக்கொள்ளும். கண்ணாடி வளையலும் துப்பட்டாவும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளைக் கையால் தடவிப் பாருங்கள். பாதத்தில் எரிச்சலோ மரத்துப்போன உணர்வோ இருந்தால், முதலில் அரசு மருத்துவமனையில் உணர்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

திரும்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பம்பரம் போல் ஒற்றைக் காலில் சுழல வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. மூன்று அடிகளில் நடந்தே ஒரு முழுச் சுற்றை முடிக்கலாம். சாதாரண வலதுபக்கத் திருப்பத்தை 5, 6, 7 ஆகிய அடிகளில் இப்படித்தான் கற்றுத்தருகிறார்கள்.

சர்க்கரை மாத்திரையும் ஞாயிறு மாலையும்

இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு முழங்காலைவிட இதுதான் கவலை. நீங்கள் எடுத்துக்கொள்ளும் இரண்டு மாத்திரைகளில், மெட்பார்மின் மட்டுமாக இருந்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கும் வாய்ப்பு குறைவு. கிளிமிபிரைடு அப்படியல்ல, தொடர்ந்து உழைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். தாழ்நிலையின் அறிகுறிகளான வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் ஆகியவை ஆட்டத்தின்போது இயல்பாகவே வருபவை என்பதால், எது எதனால் என்று பிரித்தறிவது கடினம். ஆட்டத்தின் தாக்கம் சில மணி நேரம் கழித்தும் நீடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் பெங்களூரு சாலையில் உள்ள அத்திப்பள்ளி நெரிசலில் பேருந்துக்குள் நின்றுகொண்டிருக்கக்கூடும்.

எனவே, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் நீங்களே மாற்றாமல், ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம் ஆடப் போவதை உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் சொல்லி அன்றைய அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். நெஞ்சுவலியோ, சிறு உழைப்புக்கே மூச்சுத் திணறலோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வகுப்புக்கு முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே தொடங்க வேண்டும். இடையில் சந்தேகம் வந்தால் பாட்டு முடியட்டும் என்று காத்திராமல் வெளியே வந்து பாருங்கள். 70-க்குக் கீழே போயிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உங்கள் பையில் சர்க்கரைப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்பது மகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

எந்த வகுப்பு, அங்கே உங்கள் உரிமைகள் எவை

ஜூம்பா நல்ல உடற்பயிற்சி. கொலம்பியாவின் காலி நகரைச் சேர்ந்த பெட்டோ பெரெஸ் உருவாக்கிய அதில் சால்சா இசையும் கலந்திருக்கிறது, மூச்சுத்திறனும் கூடும். ஆனால், முன்னால் நிற்பவரைப் பார்த்துத் தனியாக ஆடுவது அது. இருவர் கைகோத்துப் பேசிக்கொள்வது போன்ற நடனத்தை அதில் கற்க முடியாது. நீங்கள் ஆசைப்பட்டது இரண்டாவதைத்தான் என்று கடிதம் சொல்கிறது. வார நாட்களில் ஊரில் ஜூம்பாவுக்குப் போய்க்கொண்டு, மாதம் இருமுறை பெங்களூரு வகுப்புக்குப் போகலாமா என்றால், தொடக்க நிலைக்கு அது போதாது என்பேன். முதல் இரண்டு மாதம் வாரந்தோறும் போக முடிந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். ஒரு வழிக்கே 70 கிலோமீட்டர் அளவில் போக வேண்டியிருக்கிறது. ஞாயிறு இரவு மகளிடம் தங்கிவிட்டுத் திங்கள் அதிகாலைப் பேருந்தில் நேரே பள்ளிக்கு வருவது உங்களால் முடியுமா என்பதையும் நேர்மையாக எண்ணிப் பாருங்கள். காணொளியை மட்டும் நம்பிக் கற்பதை நான் ஆதரிக்கவில்லை. உங்கள் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைக் காணொளியால் சொல்ல முடியாது.

ஜோடி இல்லாமல் சேரலாம். பெரும்பாலான குழு வகுப்புகளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடிகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கட்டணம் செலுத்தும் முன் ஒரு வகுப்பைப் பார்க்கவோ ஆடிப் பார்க்கவோ அனுமதி கேளுங்கள். கற்பிப்பது சால்சா மட்டுமா, பச்சாட்டா என்ற இன்னொரு ஜோடி நடனமும் உண்டா என்று விசாரியுங்கள். பச்சாட்டாவின் சில வகைகள் உடல் நெருங்கி ஆடுபவை. எந்த எண்ணிக்கையில் திசை மாற்றுகிறார்கள், அதாவது ஆன் 1 முறையா, நியூயார்க்கில் நடன ஆசிரியர் எடி டோரஸ் பரப்பிய ஆன் 2 முறையா என்பதையும் கேட்டு, முதல் ஆண்டு அவர்கள் கற்பிக்கும் ஒரே முறையிலேயே நில்லுங்கள்.

அங்கே போன பிறகு உங்களுக்குள்ள உரிமைகள் தெளிவானவை. யார் ஆட அழைத்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் சொல்லக் கடமையில்லை. பிடி சரியில்லை என்றால் பாட்டின் நடுவிலும் நன்றி சொல்லிவிட்டு விலகலாம். கையை முறுக்கி இழுப்பவரிடம், கட்டைவிரலால் இறுக்கிப் பிடிப்பவரிடம், தளர்த்தும்படி சொல்லலாம். பின்னால் சாய்ப்பதையும் தூக்குவதையும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் யாரும் செய்யக் கூடாது; நீங்கள் எப்போதுமே மறுத்துவிடுங்கள் என்பது என் மருத்துவ ஆலோசனையும்கூட. பெண்களோடு மட்டும் ஆட விரும்பினால் முதலிலேயே ஆசிரியரிடம் சொல்லுங்கள். லீட் பங்கைக் கற்கும் பெண்கள் பல வகுப்புகளில் உண்டு, உங்கள் மகளும் அதைக் கற்கலாம்.

வீடியோ பற்றிய அச்சம் நியாயமானது. வகுப்பின் முடிவில் அன்றைய பாடத்தைப் படமெடுத்து வலைத்தளத்தில் போடுவது பரவலான வழக்கம். சேரும்போதே, என் உருவம் எதிலும் வரக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் எழுத்து மூலமாகத் தெரிவித்து, ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளுங்கள். படமெடுக்கும் நேரத்தில் ஓரமாக நின்றுவிடலாம். அதற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கணவரின் கேள்வி

அவர் கேட்டது கோபத்தில் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பார்த்திராத ஒன்றைப் பற்றிய கவலையாகவே தெரிகிறது. கியூபாவின் கிழக்குப் பகுதியில் ஸ்பானிய நரம்புக் கருவியும் ஆப்பிரிக்க மேளமும் கலந்து பிறந்த சோன் இசையும், பிறகு நியூயார்க்கில் கியூபர்களும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களும் வளர்த்த மாம்போ என்ற இசை நடனமும் சேர்ந்துதான் சால்சாவின் அடித்தளம். 1964-இல் ஜானி பச்சேக்கோவும் ஜெர்ரி மசூச்சியும் தொடங்கிய ஃபேனியா இசை நிறுவனம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. பிறந்த ஊர்களில் அது குடும்ப நடனம்; பாட்டி பேரனோடும் தாய் மகனோடும் விசேஷ வீடுகளில் ஆடுவது. நம் திரைப்படங்கள் காட்டும் ஒட்டி உரசும் ஆட்டத்தை வைத்து அதை எடைபோடுவது சரியல்ல. வழக்கமான பிடியில், வழிநடத்துபவரின் வலது கை உங்கள் தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கும், உங்கள் இடது கை அவர் மேற்கையில் இருக்கும், நடுவில் போதிய இடைவெளி இருக்கும். அடிப்படைப் பாடங்களில் பல, கைவிரல்களை மட்டும் பிடித்துக்கொண்டு எட்ட நின்று ஆடுபவை.

இதையெல்லாம் நீங்கள் அவரிடம் விளக்கிச் சொல்வதைவிட, நீங்கள் உட்கார்ந்து பார்த்த அதே ஓரத்தில் அவரையும் ஒரு ஞாயிறு உட்காரவைப்பது பலனளிக்கும். பார்த்த பிறகும் அவருக்குத் தயக்கம் இருந்தால், எது தயக்கம் தருகிறது என்று குறிப்பாகப் பேச முடியும். அவரும் சேர்ந்தால் மகிழ்ச்சி. சேராவிட்டாலும் உங்கள் ஓய்வு நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பது உங்கள் முடிவுதான். சேர்ந்தால், வகுப்பு நேரத்தில் ஒருவரை ஒருவர் திருத்தாமல் ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். தம்பதிகள் பாதியில் நிறுத்துவதற்கு நான் கண்ட பெரிய காரணம் அதுவே.

மாமியாரிடம் உடற்பயிற்சி வகுப்பு என்று சொல்ல வேண்டாம். பின்னால் யாரோ ஒருவர் வழியாக உண்மை தெரியவரும்போது, நடனத்தைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகப் பேசப்படும். "மகள் கற்கும் நடனத்தை நானும் கற்கிறேன், அம்மா" என்ற ஒரு வரி போதும். இந்த வயதில் தேவையா என்ற கேள்விக்கும் அதற்கு மேல் நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஞாயிறு வகுப்பையும் அன்றாடம் பத்து நிமிட வீட்டுப் பயிற்சியையும் சேர்த்தால் அந்தக் கணக்கை எட்டிவிடுவீர்கள். வீட்டுப் பயிற்சியை மாலையிலேயே, விளக்கு வெளிச்சத்தில், காலணி அணிந்து செய்யுங்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்வது சர்க்கரைக்கும் நல்லதல்ல.

இந்த மாற்றங்களுக்குப் பிறகு ஒரு மாதம் கழித்தும் முழங்காலின் உட்பக்க வலி குறையவில்லை என்றால், உங்கள் ஊரிலேயே ஓர் இயன்முறை மருத்துவரை நேரில் பாருங்கள். போகும்போது பழைய எக்ஸ்ரேயோடு, பழகும் காலணியையும் எடுத்துப் போங்கள். அதன் அடிப்பகுதி எந்தப் பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால், எடையை எந்தக் காலில் எப்படி ஏற்றுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.